கோஸ்தான்

செம்பனைக் குலை லாரி
எடைப்பாலத்தில் கோணலாய் ஏறிவிட்டது.
"கோஸ்தான் பண்ணுங்கண்ணே, கோஸ்தான்!"
தகரத்தில் தட்டுகிறான் கெலிந்தான் மரியதாஸ்.

வந்தான், நின்றான், கோஸ்தான்.
சின்ன வயதில் எனக்கு அது
சுத்தமான தமிழ் வினைமுற்று.
எவனோ ஒருவன்
எப்போதோ செய்து முடித்த காரியம்.

தராசைச் சோதிக்க வந்த அபர்டீன்காரர்
காதில் பென்சிலோடு சிரித்தார்.
கப்பல் பேச்சாம் அது.
அவர் அப்பா மீன்படகில்
பின்னால் போகச் சொல்லிக் கத்துவது.
பாடாங் செராயிலோ அலை கிடையாது.
மரியதாஸ் பினாங்குக்கே
பாலத்தில் போய் வந்தவன்.

லைன் என்று கோடு கிழித்தான் துரை.
லயம் என்று கேட்டுக்கொண்டோம்,
தாளம் தப்பாமல் பத்துக் கதவு,
ஒரே தண்ணிக் குழாய்.
விடிகாலையில் பரேடு என்றான்.
பெரட்டுக்குப் போய் நின்றோம்.
அப்பா மட்டும் அதைப் புரட்டு என்பார்,
சம்பளத்தன்று கொஞ்சம் உரக்க.

"நீ எங்கே ஸ்டே பண்றே?" என்றார் அபர்டீன்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
படிவம் இரண்டில் என் கட்டுரையில்
அந்த ஸ்டேயைத்தான் சிவப்பு மையில் அடித்து
லிவ் என்று எழுதினார் மிஸஸ் தியோ.
ஸ்டே பண்ணுவது விருந்தாளி.
நாலு நாள், ஓட்டலில்.
ஐந்து மார்க் போயிற்று.

இவர் ஊரிலோ
பிறந்து வளர்ந்த வீட்டையும்
அப்படித்தான் கேட்பார்களாம்.
எந்தத் துரை வாயிலிருந்து விழுந்து
எந்தக் கிராணி பொறுக்கி
என் நோட்டுக்கு வந்ததோ.
வேறு வழியாகவும் வந்திருக்கலாம்.
சொல்லுக்கு யார் பிறப்புப் பத்திரம் எடுத்தார்கள்?

மிஸஸ் தியோவிடம் சொல்லிவிட
அன்று மாலை முழுக்கத் துடித்தேன்.
அவர் மகனோடு மெல்பர்னில் இருக்கிறார்.
ஸ்டே பண்ணுகிறார்.

"மூணாவது டிவிஷன், சார். ஏழாம் நம்பர்"
என்றுதான் அவருக்குப் பதில் சொன்னேன்.
இழுப்பறையில் கிடந்த கடிதத்தைச் சொல்லவில்லை.
தோட்டம் கைமாறிவிட்டது,
முப்பது நாளில் காலி செய்யவும்,
இதுவரை தங்கியமைக்கு நன்றி.

தங்கியமைக்கு.
நாலு தலைமுறை.
மிஸஸ் தியோ போட்ட கோடு சரியோ என்னவோ.

லாரி இன்னும் நேராகவில்லை.
முள் ஆடுகிறது. எடை எழுத முடியாது.
சற்குணன் அண்ணன் தலையை வெளியே நீட்டி
பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்.
மரியதாஸ் தகரத்தைத் தட்டுகிறான்:
"வாங்க, வாங்க, கோஸ்தான்,
இடம் இருக்கு."