ஒரு தாளுக்கு எத்தனை

சதுப்பை வடித்தெடுத்த எல்பாவின் கரிமண்
ஜூலை வந்தால் முழங்கால்வரை புகையும்.
அதில் முட்டி போட்டு
ஜொலீன் பிரிட்செட் செடியின் கழுத்தைப் பிளக்கிறாள்,
இரு கட்டைவிரலால்,
வகிடு எடுப்பதுபோல.

நடுக்குருத்தின் இடுக்கில், வெயில் எட்டாத மடிப்பில்
வெளிறிய மஞ்சளாய் ஓர் அசைவு.
நொய்யில் பாதிகூட இல்லை.
ஒன்று. இரண்டு. மூன்றாவது ஓடிவிட்டது.
ஓடியதையும் எழுதிக்கொள்கிறாள்.

பெயரென்னவோ பேன்தான், இலைப்பேன்.
பேனைப் பெருமாளாக்க நம்மில் ஆள் உண்டு.
இங்கே அது மூன்று வாரக் கோடையில்
தானே ஆகிக்கொள்கிறது,
ஆண் துணையும் கேட்பதில்லை.

வரப்பில், லாரியில் சாய்ந்தபடி கார்னெலிஸ் வாண்டர்வீர்.
டேங்கில் தண்ணீர் ஏற்றியாயிற்று,
மருந்து டப்பா மட்டும் திறக்கவில்லை.
"தாளெல்லாம் வெள்ளி பூத்துக் கிடக்கு,
இன்னும் என்ன எண்ணிக்கை?"

பூத்தது உண்மை. அவர் நிற்கும் ஓரத்தில்.

அவள் உள்ளே நடக்கிறாள்.
வில்லோ மர வரிசை தாண்டி, வாய்க்கால் தாண்டி,
பத்துப் பத்துச் செடியாகக் குனிந்து நிமிர்ந்து
இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறாள்.
"தாளுக்கு அரை. ஒன்று ஆகட்டும்."

"ஒன்று ஆகும்வரை நான் தூங்க வேண்டாமா?"

"போன வருஷம் ஒரே மருந்தை ஐந்து தடவை அடித்தீர்கள்.
ஐந்தாவதில் அது குளித்துவிட்டுப் போனது.
யூரியாவையும் குறைக்கச் சொன்னேன்,
கொழுத்த தாள் அதற்குக் கல்யாணச் சாப்பாடு."

அவர் சிரிக்கவில்லை.
தண்ணீரை வாய்க்காலோரப் புல்லில் திறந்துவிட்டுப் போனார்.
அது செவ்வாய்க்கிழமை.

வியாழன், மேற்கே பக்கத்துக்காரர்
கோதுமை அறுத்தார்.
அறுவடை இயந்திரத்தின் தூசி இறங்கும்முன்
வீடிழந்த கூட்டம் காற்றில் ஏறிவிட்டது.

வெள்ளிக் காலை:
ஓரத்தில் நான்கு. நடுவில் நான்கு.
வாய்க்காலுக்கு அப்பால், நான்கரை.

"இன்று மாலையே" என்றாள் போனில்.
"வேறு வகை மருந்து. ஒட்டுத்திரவம் சேருங்கள்.
தண்ணீரில் கஞ்சத்தனம் வேண்டாம்,
கழுத்துக்குள் இறங்க வேண்டும்."
அந்தப் பக்கம் ஒரு மூச்சு.
"செவ்வாயே அடிச்சிருந்தா?"
"வெள்ளி வந்ததற்கு அது எதுவும் செய்திருக்காது."
சரியான பதில்தான்.
ஆனாலும் நோட்டின் ஓரத்தில் எழுதினாள்:
*கோதுமை எப்போது அறுப்பார், கேட்கவில்லை. நான்.*

சட்டைக் கைக்குள் ஏதோ கடித்தது.
பச்சை இல்லாதபோது தோலையும் ருசி பார்க்கும்.
நசுக்கவில்லை, ஊதிவிட்டாள்,
பிறகு ஊதியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம், தாளுக்கு முக்கால்.
கார்னெலிஸ் காபி நீட்டினார், ஒன்றும் பேசாமல்.
அவள் குடித்துக்கொண்டே
பதினேழாவது வரிசையில் குனிந்தபோது
ஒரு தாளின் நடுவே
வைக்கோல் நிறத்தில் நீள்கண் வடிவத் தழும்பு,
உள்ளே ஒரு பச்சைத் தீவு.

பேன் போய்விடும். அது கொண்டுவந்த இதற்கு
மருந்து கிடையாது.

காபியைக் கீழே வைத்து,
செடியில் ஆரஞ்சு நாடாவைக் கட்டினாள்.
பக்கத்துச் செடியைப் பிளந்தாள்.