இரண்டு எண்களுக்காக

தோர்ஷாவ்னில் மழை பக்கவாட்டில் பெய்கிறது.
மூன்றாம் நாளாக ரன்வோ
எது எதைப் பிடித்துத் தொங்குகிறதென்று
காகிதத்தில் அம்பு போடுகிறாள்.

பதினொரு தொகுதிகள், எல்லாம் ஜாவா.
ஓதம், நீரோட்டம், நிலாக் கணக்கு,
வரைபடம், அச்சு.
அச்சை இப்போது யாரும் சீண்டுவதில்லை,
ஆனாலும் உருவினால்
நாற்பது சோதனைகள் சிவந்துவிடுகின்றன.

ஹெர்கெய்ரின் படகில் மேசைக் கணினி ஏது?
உப்புப் பூத்த கைபேசி ஒன்று.
நோல்சோய் தாண்டினால் சிக்னலும் போய்விடும்.
கணக்கு அதன் வயிற்றுக்குள்ளேயே
நடந்தாக வேண்டும்.

சாளரமும் பொத்தானும் வரைகிற
அந்தப் பழைய சரக்கைக் கைபேசி அறியாது.
ஓதத்துக்கு அது எதற்கு?
தோண்டினாள்.
ஒரே ஒரு இறக்குமதி வரி.
அட்சரேகை ஒன்று, தீர்க்கரேகை ஒன்று,
இரண்டு எண்களை வைத்துக்கொள்ள
எவனோ திரைக்கான புள்ளியைக்
கடன் வாங்கியிருக்கிறான்.
ஒரு கரண்டி உப்புக்கு
அடுத்த வீட்டையே
இழுத்து வந்த மாதிரி.

யாரென்று வரலாற்றைப் புரட்டினாள்.
பதினாறு வருடத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை,
மாலை நாலு ஐம்பது.
அவள் பெயர்தான்.
அன்றைக்கு எங்கே போக அவ்வளவு அவசரம்?
நினைவில்லை.

நாலு வரியில் சொந்தமாக ஒரு புள்ளி எழுதினாள்.
அம்பை அழித்தாள், காகிதம் லேசாகக் கிழிந்தது.
சோதனையை ஓட்டினாள்.
முப்பத்தொன்பது சிவப்பு.

ஹெர்கெய்ர் கூப்பிடுகிறார்:
"ஏறிவிட்டதா?"
"ஓதம் ஏறும்.
அச்சு கரையிலேயே நிற்கட்டும்."