நெற்றியில் கேமரா

ரிகா நகரில் ஒரு நிலவறை.
ஒட்டுப்பலகைச் சுவரில் பழுப்புத் தாள் ஒட்டி
கடத்தல்காரன் அலுவலகம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.
நெற்றியில் கேமரா,
இடது முன்கையில் கட்டிய கைபேசியில் நாலு கட்டம்.
இனி அறுபது நிமிடத்துக்கு
கண், கை, கால் எதுவும் என்னுடையதல்ல.
வாய் பாதி.

ஊரே அடைபட்டுக் கிடக்கும் பிப்ரவரி.
காசு கொடுத்து இன்னொரு முறை அடைபட
ஆள் வருகிறது, அதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்று ஒரு குடும்பம்.
மகள் சனிதா, அயர்லாந்தில் காளான் பண்ணை;
நகக்கண்ணில் இன்னும் மண்.
மகன் ரைதிஸ், பெர்கனில், மீன் ஆலை விடுதி;
அவன் முதுகுக்குப் பின்னால்
யாரோ துண்டோடு கடந்துபோகிறார்.
அம்மா ஜித்ரா, லியெபாயாவில்,
திரைக்கு மிக அருகே, மூக்கும் கண்ணாடியுமாக.
அப்பா இல்க்வார்ஸ் அதே வீட்டில் அடுத்த அறை.
தொற்று. தனிமையில் ஆறாவது நாள்.
அவர் கட்டத்தில் தெரிவதெல்லாம்
கூரை, ஒரு விளக்கு, ஈரக்கறை,
இடையிடையே இருமல்.

"வலது பக்கம் திரும்புங்க."
"இல்ல, இடது. அந்த அலமாரி."
திரும்பினேன். திரும்பினேன்.
சாவி தட்டச்சுப்பொறியின் வயிற்றில் இருக்கிறது.
நானூறு முறை கண்டெடுத்திருக்கிறேன்.
நானூற்றொன்றாவது முறையும் வியக்க வேண்டும்,
சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

பெட்டிக்கு நாலு இலக்கம்.
அதைத் தேடப் போய்
அப்பாவின் படகை விற்றது யார்
என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.
நான் பூட்டைப் பிடித்தபடி
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான் பார்ப்பதைத்தானே அவர்களும் பார்க்க முடியும்.

ஐம்பத்தோராம் நிமிடம், கடைசிக் கதவு.
சாவி திரும்பியது. பச்சை விளக்கு எரிந்தது.
கதவு அசையவில்லை.
தோள் கொடுத்தேன். இல்லை.
அவசரப் பொத்தானை அழுத்தினேன்;
உள்ளே போன பொத்தான் உள்ளேயே தங்கிவிட்டது.
முதலாளிக்கு அனுப்பிய செய்தி
ஒற்றை டிக்கோடு நின்றது.

"இது விளையாட்டு இல்லை" என்றேன்.
"அட, நல்லா நடிக்கிறீங்க" என்றாள் சனிதா.
ரைதிஸ் கைதட்டினான்.
"நிஜமாகத்தான்."
இன்னும் பலமாகத் தட்டினான்.

அப்போது கூரை நகர்ந்தது.
கட்டத்துக்குள் ஒரு மீசை வந்தது.
"காந்தப் பூட்டா?"
ஆமாம்.
"பச்சை எரிஞ்சும் விடலைன்னா ரிலே ஒட்டிக்கிச்சு.
தள்ளாதீங்க, அதுகிட்ட மனுஷத் தோள் ஜெயிக்காது.
கரண்ட்டை நிறுத்துங்க."
"முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்" என்றாள் ஜித்ரா,
புதிதாக யாரையோ அறிமுகப்படுத்துவதுபோல.
பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள்.

ஃபியூஸ் பெட்டி கப்பல் படத்துக்குப் பின்னால்.
மூடியில் நானே ஒட்டிய தாள்:
விளையாட்டில் சேராதது. தொடாதீர்கள்.

"கை ஈரமா?"
இல்லை.
"டார்ச்?"
இருக்கிறது.
"கீழே இருக்கிற பெருசு. இறக்குங்க."

இறக்கினேன்.

விளக்கு போனது. காந்தம் விட்டது.
தோளில் இருந்த கையை யாரோ எடுத்துக்கொண்டதுபோல்
கதவு அரை அங்குலம் தானாக விலகியது.
கூடவே வைஃபையும் போனது.
நாலு கட்டமும் கறுப்பு.
அது திறந்ததை
என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை.

பதினாறு படி ஏறித் தெருவுக்கு வந்தேன்.
சேறான பனி. ஒரு டிராம், உள்ளே ஓட்டுநர் மட்டும்.
சிக்னல் கிடைத்ததும் செய்திகள் வரிசையாக விழுந்தன.
ரைதிஸ்: ஜெயிச்சோமா?
சனிதா: நாங்க சிரிச்சதுக்கு மன்னிச்சிடுங்க.
ஜித்ரா வெறும் கேள்விக்குறி.
இல்க்வார்ஸ்: வெளிய வந்துட்டீங்களா?

கேமரா இன்னும் நெற்றியில் இருந்தது.
குனிந்து, பனிச்சேற்றில் நிற்கும் என் காலணிகளைப்
படம் எடுத்து அனுப்பினேன்.

நெடுநேரம் கழித்து
அவரிடமிருந்து இரண்டு வரி:
அந்த ரிலேயை மாத்தச் சொல்லுங்க.
பத்து ஆம்பியர் போதும்.