ஓஸ்மோவின் கணக்கில் ஒரு கடல்

அக்டோபரில் ஒரு ஞாயிறு
இரண்டையும் சுமந்துகொண்டு ஓடினேன்.
கைபேசி மார்புப் பையில்.
மணிக்கட்டில் ஓஸ்மோவின் கடிகாரம்.
முழங்கால் தேய்ந்துபோனவன்
காகித ஆலையின் உடைமாற்றும் அறையில் கழற்றித் தந்தான்:
"ஐஸ் உருகும்வரை வைத்துக்கொள்."

ஔலு நகரின் விளிம்பில்
கடல் ஊருக்குள் கைவிட்டுத் துழாவும் இடத்தில்
கரையோடு கரையாக வளைகிறது பாதை.
வளைந்து வளைந்து வீட்டு வாசலில் வந்து நின்றபோது
கடிகாரம் சொன்னது: பத்து புள்ளி நாலு.
கைபேசி சொன்னது: எட்டு புள்ளி ஒன்பது.

நடுவில் ஒன்றரைக் கிலோமீட்டர்.
அது எங்கே போனதென்று
என் விலாவைக் கேட்டால் சொல்லும்.

ஈரக் காலுறையோடு உட்கார்ந்து
வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
மின்கலத்தை மிச்சம்பிடிக்க
நடுவழியில் கண்ணயர்ந்திருக்கிறது கைபேசி.
விழித்தபோது நான் எதிர்க்கரையில்.
கேட்டால் என்ன சொல்வது?
தூங்கிய இடத்தையும் எழுந்த இடத்தையும்
ஒரே கோட்டால் இணைத்துவிட்டது,
தண்ணீரின் மேல்,
அளவுகோல் வைத்த மாதிரி.

மைரே தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.
"கடல்மேல் ஓடியவரே,
குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வாரும்."

கடையில் அரைமணி நேரம் நின்றேன்.
நாடித்துடிப்பு, ஏற்ற இறக்கம், உறக்கத்தின் ஆழம் என்று
அடுக்கிக்கொண்டே போனான் விற்கிற பையன்.
முந்நூற்று நாற்பத்தொன்பது யூரோ.
கடிகாரமும் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை:
சிவப்பு விளக்கில் நான் நின்றால் தானும் நின்றுகொள்ளும்,
குனிந்து முழங்காலைப் பிடித்து
நான் மூச்சு வாங்குவதை எழுதாது.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
அன்றைக்கு எத்தனையாவது ஆளோ நான்.

பிப்ரவரி. மைனஸ் பதினெட்டு.
ஐந்து மணிக்கே இருட்டு.
பாதை வளையத் தொடங்கும் இடத்தில்
கால்கள் தாமாக இறங்கிவிட்டன கடலுக்கு.
இந்தப் பக்கம் படகுத்துறைக் கம்பம்,
அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் விளக்கு.
கைபேசி அன்று இழுத்த அதே கோடு.
ஷூவுக்கடியில் பனி நறநறத்தது.
அதற்கும் கீழே, வெகு ஆழத்தில்,
யாரோ அலமாரியை நகர்த்துகிற மாதிரி ஒரு சத்தம்.

பாதிக் கடலில் கைபேசி செத்தது.
நாற்பத்தொரு சதவீதம் இருந்ததைக்
குளிர் ஒரே வாயில் விழுங்கிவிட்டது.
கையுறைக்குள் கடிகாரம் மட்டும்
என் இதயத்தை எண்ணிக்கொண்டிருந்தது.
எண்ணத் தெரியும் அதற்கு.
கூப்பிடத் தெரியாது.

கரையேறி, மிச்ச வழியும் ஓடி, வாசலில் நிறுத்தினேன்.
எட்டு புள்ளி ஒன்பது!
அது அக்டோபரில் சொன்ன பொய்க்கு
இது பிப்ரவரியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தது.
சொல்லிச் சிரிக்க
மைரே என்று கத்திக்கொண்டே நுழைந்தேன்.

அவளுடைய பூட்ஸ் இல்லை. கார் சாவி இல்லை.
மேசையில் பாதி குடித்த காபி.

சூடு பட்டுக் கைபேசி உயிர்த்தது.
பதினொரு தவறிய அழைப்புகள்.
எடுத்தவள் முதலில் பேசவே இல்லை.
காற்றும், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினும்தான் கேட்டன.
பிறகு, "உன் புள்ளி
கடல் நடுவில் நின்றுவிட்டது" என்றாள்.
காரின் முகப்பு விளக்குகளை ஐஸின் மேல் திருப்பிவைத்து
நாற்பது நிமிடம் நின்றிருக்கிறாள்.

மறுநாள் என் பழைய கம்பளிக் காலுறையை வெட்டி
கைபேசிக்கு உறை தைத்தாள்.
இரண்டாம் தையல், மூன்றாம் தையல்,
பல்லால் கடித்து நூலை அறுத்தாள்.
கடையைப் பற்றி நானும் பேச்செடுக்கவில்லை.

மே மாதம், சொன்னபடி,
கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
மணிக்கட்டில் வெள்ளையாய் ஒரு வளையம்.
படியேறக் கைப்பிடி தேடுகிற ஓஸ்மோவைக்
குளிர்காலம் முழுக்கப் பாராட்டிச் செய்தி அனுப்பியிருக்கிறது அது:
அபாரம், போன மாதத்தைவிட வேகம்.
தன் கைபேசியைத் திறந்து காட்டினான்.
அவன் பெயருக்குக் கீழே என் சிவப்புக் கோடு,
நேராக,
நீலத்தின் குறுக்கே.

"அழிக்கட்டுமா?" என்றான்.
சன்னலுக்கு வெளியே
ஐஸ் உடைந்து
படகு ஒன்று அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.