நட்சத்திரக் குறியிட்டவை கட்டாயம்

முகத்தை மறைத்துவிட்டோம் என்றார்கள்.
மறைத்தார்கள்தான்.
அக்காவின் முகம் இருந்த இடத்தில்
சோப்பு நுரைபோல ஒரு கலங்கல்.
பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று
கீழே ஒரு வரியும் ஓடியது.
நாயை மறந்துவிட்டார்கள்.

எங்கள் மூன்றுகால் செவலை
நீலக் கதவுக்கு முன்னால் நொண்டி வந்து
காமிராவை முகர்ந்துவிட்டுப் போனது.
கோரையாற்றுக்கு இந்தப் பக்கம்
அதைத் தெரியாதவர் இல்லை.
மறுநாள் நடவுக்கு வந்தவர்கள்
நாற்றுமுடியைப் பிரித்தபடியே
நாய் நல்லாருக்கா என்று கேட்டார்கள்.
நாயைத்தான் கேட்டார்கள்.

புகார் கொடுக்க வழியிருக்கிறதாம்.
நீடாமங்கலத்தில் கொடுத்தால்
ரயில்வே கேட் திறப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.
மன்னார்குடிக்கு பஸ் ஏறினேன்,
என்னை யாருக்கும் தெரியாத ஊர் என்று நம்பி.

கணினி மையத்துப் பையன் உரக்கப் படித்தான்.
பின்னால் வருமானச் சான்று, முதியோர் பென்ஷன்,
பயிர்க் காப்பீடு, எல்லாருக்கும் காது இருந்தது.
பேர்?
தையல்நாயகி.
கணவர் அல்லது தந்தை பேர்?
கதவு எண்?
கதவைத்தான் காட்டிவிட்டார்களே என்றேன்.
நம்பர் வேணுங்க, ஸ்டார் போட்டிருக்கு.
எந்த நிகழ்ச்சி?
சொன்னேன்.
அவன் விரல் நின்றது.
பயிர்க் காப்பீடு எட்டிப் பார்த்தார்:
அட, ஒரு நொண்டி நாய் வருமே, அதுவா?

நான் பாக்கலீங்க என்றேன்.

என்ன பாதிப்பு, விவரிக்கவும்.
ஆயிரம் எழுத்துக்கு மிகாமல்.
அவர்கள் சொன்னதை மறுக்க
அவர்கள் சொல்லாததையும் நான் சொல்லவேண்டும்:
அக்கா எந்த ராத்திரி திரும்பி வந்தாள்,
எந்தக் கையில் வளையல் இல்லை.
மருத்துவமனைச் சீட்டு இருப்பின் இணைக்கவும்.

எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு எழுத்தில்:
புகாரின் நகல், புகார்தாரர் விவரங்களுடன்,
சம்பந்தப்பட்ட தொலைக்காட்சிக்கு அனுப்பப்படும்.
ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கு ஒரு சதுரம்.
ஒப்பவில்லை என்பதற்குச் சதுரம் இல்லை.

பையன் கீபோர்டை என் பக்கம் தள்ளினான்.
நீங்களே அடிங்கக்கா.
எழுந்து வரிசைக்கும் எனக்கும் நடுவில்
சும்மா நின்றான், போனைப் பார்ப்பதுபோல.
அன்று எனக்குக் கிடைத்த ஒரே திரை
வியர்வையில் நனைந்த அவன் முதுகு.

ஒற்றை விரலால் நாற்பது நிமிஷம்.
வளையலை எழுதினேன், அழித்தேன்.
உடன்பிறந்தவர் என்று மட்டும் விட்டேன்.
சதுரத்தில் டிக் போட்டேன்.
பிறகு ஓடிபி.
அதை மட்டும் அவன் காதருகே சொன்னேன்.

திரும்பும்போது கேட் மூடியிருந்தது.
பையில் பதினான்கு இலக்க ரசீது.
போன் அடித்தது.
சென்னை நம்பர், யாரென்று தெரியவில்லை.
கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணினேன்.
இருபத்தேழில் மணி நின்றது,
முப்பதில் மறுபடி அடித்தது.
பக்கத்து சீட்டுப் பெண்
எடுங்களேன் என்பதுபோலப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தால்
செவலையைக் கொல்லையில் கட்டியிருந்தாள் அக்கா.
இத்தனை வருஷத்தில் அதைக் கட்டிப்போட்டதே இல்லை.
கயிற்றின் நீளத்துக்குள்
அது நொண்டி நொண்டிச் சுற்றிக்கொண்டிருந்தது.