கோடை தெரியாத பெட்டி

ஹோக்னி கோபன்ஹேகனுக்குப் போய் ஏழு மாதம்.
அவன் லேப்டாப் மட்டும் போகவில்லை.
என் மேசைக்கடியில், ஹீட்டருக்குப் பக்கத்தில்,
"அணைக்காதே" என்ற மஞ்சள் தாளை நெற்றியில் ஒட்டிக்கொண்டு
மூச்சிரைக்கிறது.

நோல்சோய்த் தீவுக்குப் படகுச் சீட்டு விற்கும் தளத்தை
திருத்தவோ ஓட்டிப் பார்க்கவோ
டோர்ஸ்ஹவுன் முழுக்க அது ஒன்றில்தான் முடியும்.

என் லேப்டாப்பிலும் நிறுவிப் பார்த்தேன்.
ஃப்ரேம்வொர்க்குக்குப் பழைய மொழி வேண்டும்
படம் சுருக்கும் நிரலுக்குப் புதியது வேண்டும்
டேட்டாபேஸ் இருவரிடமும் பேசாது.
ஒன்றைச் சமாதானம் செய்தால் ஒன்று முறுக்கிக்கொள்ளும்,
கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி.
போன் செய்தால் ஹோக்னி சொன்னான்:
"என்னிடத்தில் ஓடியதே."
ஓடியது, ஹோக்னி. இன்னும் ஓடுகிறது,
என் கால்விரல்களைச் சூடாக்கிக்கொண்டு.

பிப்ரவரியில்
கூரைப் புல்லைக் காற்று எதிர்ப்பக்கம் சீவிய ஒரு வாரம்
கட்டுச்சோறு கட்ட உட்கார்ந்தேன்.

"கண்டெய்னரா?" என்றாள் சீட்டு மேசை மார்யுன்.
ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினாள்,
சால்மன் ஏற்றிப்போகும் நீலப் பெட்டிகளை நோக்கி.
"அதுவா?"
அது இல்லை.
ஆனாலும் அதுதான்.

எந்த ஊர்ப் படகில் ஏற்றினாலும்
உள்ளே இருப்பது அலுங்கக் கூடாது.
அதனால் வரி வரியாக எழுதினேன்:
இந்த லினக்ஸை எடு. இந்தப் பதிப்பை மட்டும் எடு.
என் கோப்புகளை உள்ளே வை.
டேட்டாபேஸுக்குத் தனிப்பெட்டி கொடு,
அது எழும்வரை காத்திரு
(இந்த "காத்திரு" எனக்கு இரண்டு நாள் பிடித்தது).
எட்டாயிரமாவது துறையைத் திற.

இந்த ஊருக்கு இருப்பது ஒரே துறை.
பெட்டிக்கு அறுபத்தையாயிரம். எண்ணிச் சிரித்தேன்.

பதினான்காம் முறை
டெர்மினலில் சிவப்பே வரவில்லை.
பிரவுசரில் படகு அட்டவணை,
காலை ஏழு மணி, நோல்சோய், இருக்கை உண்டு.
மார்யுனின் பழைய கணினியிலும் அதையே கொண்டுவந்தேன்,
ஒரே கட்டளை, நான்கு நிமிடம்.
நடுவில் அவள் காப்பி போட்டாள்.
சர்வருக்கும் அதே பெட்டியை ஏற்றினோம்.
அன்றிரவு யாருமில்லாத அலுவலகத்தில்
நான் கொஞ்சம் ஆடினேன் என்பதை
எந்த லாகிலும் காண முடியாது.

மார்ச் கடைசி ஞாயிறு
ஊரே கடிகாரத்தை ஒரு மணி தள்ளி வைத்தது.

திங்கள் காலை ஆறு மணிக்கு மார்யுன் கூப்பிட்டாள்.
"மூன்று பேர் நிற்கிறார்கள். ஒரு கிடாவும் நிற்கிறது.
தளம் ஆறு மணி என்கிறதாம்."
"படகு?"
"தூங்குகிறது."

பெட்டிக்குள் எப்போதும் கிரீன்விச்.
குளிர்காலம் முழுதும் எங்கள் நேரமும் அதுவே என்பதால்
ஒரு குறையும் தெரியவில்லை.
கட்டுச்சோற்றுக்குள்
பெருச்சாளியையும் சேர்த்துக் கட்டியிருந்தேன்.
பிப்ரவரியிலிருந்து அது சத்தமே போடாமல் தின்றிருக்கிறது.

குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன்.
ஹோக்னியின் லேப்டாப்பில் படகு சரியாக ஏழு மணிக்கு.
யாரும் சொல்லாமலே அதற்குக் கோடை தெரிந்திருக்கிறது.
இந்த மழையில் ஈரப்பட்டு, இந்த மேசையில் தேய்ந்து,
என்றோ அவன் ஒருமுறை சொன்ன ஊர்ப்பெயரை
மறக்காமல் வைத்திருந்த இயந்திரம்.
நான்தான், எங்கும் ஓட வேண்டுமென்று,
ஊரைச் சொல்லாமல் விட்டேன்.

ஒரு வரி சேர்த்தேன்.
நேரமண்டலம்: அட்லாண்டிக், ஃபாரோ.
பெட்டி மறுபடி கட்டி முடிய ஆறு நிமிடம்.
அதற்குள் துறைக்கு இறங்கிப் போனேன், மன்னிப்புக் கேட்க.
கிடாவின் கயிற்றைப் பிடித்திருந்தவர்
"பரவாயில்லை, வெளிச்சம் வருவதைப் பார்த்தோம்" என்றார்.
கிடா அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வந்து மஞ்சள் தாளைக் கிழிக்கப் போனேன்.
கிழிக்கவில்லை.
அக்டோபரில் கடிகாரம் திரும்பும்.
அதுவரை கிடக்கட்டும்.