ஏழரைச் சங்கு

கேஸ் ஷீட்டில் பிறந்த நேரம் ஆறு ஐம்பது.
மருத்துவர் உடனிருந்தார்.
இரவு முழுக்க, அரை மணிக்கு ஒருமுறை,
ஒரே பேனா, ஒரே நீலம்:
துடிப்பு சீர், துடிப்பு சீர்.
ஒரு எழுத்துகூடத் தூங்கி விழவில்லை.

என்னிடம் கடிகாரம் இல்லை, ஐயா.
கொளப்பள்ளிப் பக்கம் எங்களுக்கு
ஃபேக்டரிச் சங்குதான்.
ஏழரைச் சங்கு ஊதும்போது
தலை மட்டும் வெளியே இருந்தது.
தோள் உள்ளே.
டாக்டர் கூடலூரிலிருந்து
வந்துகொண்டே இருந்தார்.
டீ குடிக்கப் போன நர்சம்மா
டம்ளரோடு ஓடி வந்து
ஜன்னலில் அதை வைத்துவிட்டு
இழுத்தார்.

டம்ளரில் ஆவி அடங்குவதைப் பார்த்தபடியே
முக்கினேன்.
நான் கிள்ளிய கொழுந்தும்
அதில் இருந்திருக்கும்.

சுகிர்தாவுக்கு இப்போது நாலு வயது.
வலது கை வலிக்காது, தூக்கவும் வராது.
தோளில் போட்ட துண்டு மாதிரி
கூடவே வருகிறது.
வியாழன்தோறும் ஊட்டியில் பயிற்சி.
நடுவட்டத்து வளைவில் பஸ் சாயும்போது
இடது கையால் கம்பியைப் பிடித்து
வலது கையை எடுத்து என் மடியில் வைப்பாள்,
"இத நீ பிடிச்சுக்கம்மா."

அன்றைக்கே ஏன் புகார் தரவில்லை
என்கிறீர்கள்.
அன்றைக்கு அவள் அழவில்லை, ஐயா.
பெரட்டுக் களத்தில்
கடைசிப் பேர் கூப்பிட்டு முடியும்வரை
அழவில்லை.
பிறகு அழுதாள்.
நர்சம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.
நேரத்தை மட்டும்
சங்கைக் கேட்டு எழுதுங்கள்.